யானை நடந்தாலும் ஒன்றும் ஆகாத தரை

மேஸ்திரிக்குத் தரை போடுவதுதான் தொழில். மார்பிளோ டைல்ஸோ, அவர் போட்ட தரையில் ரசமட்டத்தை வைத்தால் உள்ளே இருக்கும் குமிழி நடுவில் அசையாமல் நிற்கும். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்.

"கட்டில், பீரோ எல்லாம் போட்டா கீறல் விழுமா மேஸ்திரி?"

"யானையைக் கூட்டிட்டு வந்து நடக்க விடுங்க சார். ஒண்ணும் ஆகாது" என்பார். சொல்லிவிட்டு, இடுப்பில் மாட்டிய அளவு டேப்பை ஒரு தட்டு தட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அது அடுத்தவர் வீட்டுத் தரை. சொந்த வீட்டுக் கூடத்தில் வெள்ளை மார்பிள் பதித்து, பாலிஷ் மெஷின் ஓட்டி, அதற்கும் மேலே மெழுகு தேய்த்து, குனிந்தால் மூக்கு முடி தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கிய பிறகு அவருக்குப் புது ஞானம் பிறந்தது. உலகத்தில் கால் வைத்த எந்தச் சாமானும் தரைக்கு நல்லது நினைக்காது என்பதுதான் அது.

அந்த ஞானத்தில் முதலில் அடிபட்டது அவர் மனைவிதான். அவள் தையல்காரி. அவளுடைய மிதி மெஷினுக்கு வார்ப்பிரும்புக் கால்கள். புதுத் தரை போடுவதற்கு முன்பு, வெளிச்சம் கொட்டுகிற கூடத்து ஜன்னலோரம்தான் அதற்கு இடம். தரை போட்ட மறுநாளே மேஸ்திரி அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மத்தியானத்திலேயே இருட்டிக்கிடக்கும் மூலை அது.

"கருநீலத் துணியில கருநீல நூல் போடறேன். அந்த இருட்டுல எனக்கு ஊசியும் தெரியல, துணியும் தெரியல" என்றாள் அவள்.

"பழகினா தெரியும்."

பழகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் அவள் கையில் இருந்தது. முதலில் அனுப்பிய கட்டு அப்படியே திரும்பி வந்தது. பாதிச் சட்டைகளில் காலர் உள்பக்கம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து மேலாளர் அம்மா போனில் பேசினார்.

"நீங்க நல்லா தைப்பீங்கன்னு நம்பித்தான் குடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சரியா வரலைன்னா, தப்பா நினைக்காதீங்க, வேற ஆள்கிட்டக் குடுத்துடுவேன். அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

வருஷம் முழுக்க ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துச் சலித்துப்போன கைக்கு, பெயர் சொல்லும்படி வந்த ஒரே வேலை அது. அவளும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"மெஷின் கூடத்துக்கு வருது" என்றாள் மேஸ்திரியிடம். கேட்கவில்லை, சொன்னாள்.

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்தார். பல வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு, அந்தக் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது என்பது தெரியும். "வரட்டும். ஆனா வெறுங்காலோட வரக் கூடாது" என்றார்.

கூடத்தில் இருந்த நாற்காலிகளுக்கு ஏற்கெனவே அந்தச் சட்டம் அமலில் இருந்தது. அவள் வெட்டிப் போட்ட சீருடைத் துண்டுகளை எடுத்து, ஒவ்வொரு காலுக்கும் உறை மாட்டி நூலால் கட்டியிருந்தார். நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். இரண்டு நாற்காலிக்கு நடுவே எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக்கூட டேப்பை இழுத்து அளந்து வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

மெஷினுக்குத் துணி உறை போதாது என்று, கடைக்குப் போய்த் தடிமனான கம்பளி விரிப்பு வாங்கி வந்தார். கால் அளவுக்கு வட்டமாக வெட்டி, கல் ஒட்டுகிற பசையையே போட்டு ஒட்டினார். அவள் உட்காரும் முக்காலிக்கும் அப்படியே.

"இப்ப தை. தரைக்கே தெரியாது, மேல மெஷின் இருக்குன்னு."

அவள் சட்டைக் கையை ஊசிக்குக் கீழே வைத்து மிதித்தாள். ஓரம் முடிவதற்குள் துணி கைக்கு எட்டவில்லை. ஊசி பிசகிவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள். பிசகியது ஊசி இல்லை. மெஷினே ஒரு முழம் முன்னால் போயிருந்தது.

முக்காலியை நகர்த்தி உட்கார்ந்து மறுபடி மிதித்தாள். மிதிக்க மிதிக்க மெஷின் முன்னே போனது, முக்காலி பின்னே வந்தது. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகின. ஜன்னலோரம் ஆரம்பித்த ஒரு சட்டையை அவள் சமையலறை வாசலில் முடித்தாள். அடுத்த சட்டைக்கு மெஷின் அவளை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனது.

சனிக்கிழமை காலையில் அவள் தம்பி வேனோடு வந்தான். கட்டுகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போக வேண்டியவன் அவன். உள்ளே நுழைந்தவன், நீல உறை மாட்டிய நாற்காலிகளைப் பார்த்து நின்றுவிட்டான்.

"ஏன் மாமா, இதெல்லாம் எத்தனாவது படிக்குது?"

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாடா."

"செருப்பை வாசல்லயே விட்டுட்டேன். காலையும் கழட்டணுமா?" என்றவன், கூடத்தின் நடுவில் மெஷினைத் துரத்திக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தான். "நீ தைக்கறியாக்கா, வண்டி ஓட்டறியா? இப்படிப் போனா நீயே மெஷின்ல ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாமே. நான் எதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை. முக்காலியை விட்டு எழுந்தாள். தைக்க வேண்டிய துணி மேசை மேல் குவிந்து கிடந்தது.

"இங்க பாருங்க. ஒண்ணு, அந்தக் கம்பளியைப் பிச்சு எடுங்க. இல்ல, மெஷினை நீங்க பிடிச்சுக்குங்க. சாயங்காலத்துக்குள்ள இது போகலைன்னா, இந்தத் தரையில நீங்க மட்டும்தான் குடித்தனம் பண்ணுவீங்க. நான் என் தம்பி வேன்ல ஏறிடுவேன்."

"அய்யோ மாமா, எங்க வீடு சின்னது. தரையும் வெறும் சிமெண்டு. அக்கா தாங்கும், நான்தான் தாங்க மாட்டேன்" என்றான் தம்பி.

மேஸ்திரி மார்பிளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தரையைக் காப்பாற்றுவதற்கு ஒரே வழி தெரிந்தது.

"பிடிச்சுக்கறேன்."

அன்று போக வேண்டிய வேலைக்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, மெஷினை ஜன்னலோரத்துக்குத் தூக்கி வந்து வைத்தார். அதற்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தன் பக்கம் இருந்த இரண்டு இரும்புக் கால்களையும் இரண்டு கைகளால் கட்டிக்கொண்டார். தம்பி தன் பங்குக்கு அக்காவின் முக்காலிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து உட்கார்ந்தான். அவள் மிதிக்க ஆரம்பித்தாள்.

நடுத்தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றியிருக்குமோ தெரியாது. ஒவ்வொரு மிதிக்கும் மேஸ்திரியின் உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. தலையாட்டிப் பொம்மையை யாரோ தட்டிவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடித்தது. மூக்கில் நூல் தூசி ஏறித் தும்மல் வந்தது. கையை எடுத்துத் துடைக்க முடியவில்லை.

"மூக்கைத் துடைச்சு விடேன்."

"கை வேலையா இருக்குங்க. தரையில முகம் தெரியுதே, பார்த்துக்கிட்டே இருங்க, காஞ்சுடும்."

"மாமா, நிசமாவே கேக்கறேன்" என்றான் தம்பி பின்னாலிருந்து. "ஊருக்கெல்லாம் யானை யானைன்னு சொல்வீங்களே, அந்த யானை எங்க மாமா?"

"வாயை மூடிக்கிட்டு முட்டுக் குடுடா."

ஆனால் மெஷின் அசையவில்லை. வெளிச்சம் நேராகத் துணி மேல் விழுந்தது. அவளுக்குக் கை பறந்தது. காலர்கள் ஒழுங்காக மடங்கின. கடைசிச் சட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது, வெயில் இன்னும் ஜன்னலைவிட்டு இறங்கவில்லை. தம்பி கட்டுகளை அள்ளி வேனில் ஏற்றினான். போன வேகத்தில் போனும் வந்தது.

"அக்கா, அந்த அம்மா ஒவ்வொரு சட்டையா விரிச்சுப் பார்த்தாங்க. அடுத்த வருஷமும் உனக்குத்தானாம். மாமா எழுந்துட்டாரா, இன்னும் ஆடிக்கிட்டே இருக்காரா?"

மேஸ்திரி அப்போதுதான் எழுந்தார். இடுப்பு நிமிர மறுத்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தவர், தான் காப்பாற்றிய தரையை ஆசையோடு பார்க்கக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்தில், வெள்ளை மார்பிளில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். கொஞ்சம் வளைந்து, நன்றாக ஆழமாக. மெஷின் கால் அந்தப் பக்கமே வரவில்லை. அவருடைய கை தானாக இடுப்புக்குப் போனது. அளவு டேப்பின் இரும்புக் கொக்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முனையில் வெள்ளையாக மார்பிள் மாவு.

அவள் வந்து பக்கத்தில் நின்றாள். கீறலையும் டேப்பையும் பார்த்தாள். என்ன சொல்வாளோ என்று மேஸ்திரிக்கு உயிர் ஊசலாடியது. அவள் முந்தானையால் கொக்கி முனையிலிருந்த மாவைத் துடைத்துவிட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"இந்தா" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "பின்கட்டுல வெளிச்சம் கம்மிதான். கண்ணு கெட்டுடும் உனக்கு. மெஷின் இங்கேயே இருக்கட்டும்."

"இங்கேயேன்னா?"

"கொஞ்சம் இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம். ஆங், அவ்வளவுதான்."

இரும்புக் கால் கீறல் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மிதியில் ஒரு முறை காலை வைத்தாள். மெஷின் கொஞ்சம் நழுவியது. கீறலின் நுனி எட்டிப் பார்த்தது.

"வழுக்குதே" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

மேஸ்திரி சாந்துக் கரண்டியை எடுத்து வந்து, மெஷினைச் சாய்த்துப் படுக்கப் போட்டு, தான் ஒட்டிய கம்பளியைத் தானே சுரண்டி எடுத்தார். கல் ஒட்டுகிற பசை அல்லவா, லேசில் வரவில்லை. வியர்க்க வியர்க்கச் சுரண்டினார். வெறும் இரும்புக் காலோடு மெஷின் மறுபடியும் நின்றது. இந்த முறை அசையவில்லை.

அதற்குப் பிறகு, கூட்டிப் பெருக்குவதற்காக அவள் மெஷினில் கை வைத்தால்கூட மேஸ்திரி எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவார்.

"நகர்த்தாதே, நகர்த்தாதே! அது பாட்டுக்கு இருக்கட்டும். மார்பிள்தானே? யானை நடந்தாலும் ஒண்ணும் ஆகாது."