புரூட் சலட்டும் ஒரு மனுவும்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் எந்தப் பிள்ளைக்கு மாதா கோயிலில் முதல் நன்மை கொடுத்து விருந்து வைத்தாலும் புரூட் சலட் என் பொறுப்பு. துறைமுகக் கந்தோர் கிளார்க் வலன்ரைன் என்றால் யாருக்கும் தெரியாது. சலட் வலன்ரைன் என்றால் முகத்துவாரம் வரை தெரியும். வாழைப்பழத்தையும் பப்பாளியையும் கையாலேயே பிசைவேன். கரண்டி படக்கூடாது என்பது என் கொள்கை. வேறு கொள்கை எதுவும் எனக்கு இருந்ததில்லை.

பக்கத்து வீட்டு டோரினின் மகள் பிறிஜெற்றின் விருந்துக்கும் நான்தான் பிசைந்தேன். இரண்டு கிழமையில் நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபொயிட். பிறிஜெற்றை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். டோரின் அழுததைப் பார்க்க முடியாமல், ஐஸ்பழ வண்டிக்கார மஜீட்தான் காரணம் என்று இரண்டு பக்க மனு எழுதி, ஒழுங்கை முழுக்கக் கையெழுத்து வாங்கி, மாநகரசபைக்கு அனுப்பினேன். வண்டியை நிறுத்திவிட்டார்கள். மஜீட் வெறும் கையோடு வீட்டுக்குப் போனார். அவருக்கு ஐந்து பிள்ளைகள்.

விசாரிக்க வந்த சுகாதாரப் பரிசோதகர் முத்துலிங்கம் என் மனுவை விரித்து வைத்துக்கொண்டார்.

“மஜீட்டின்ர ஐஸ்பழத்தை நாலு தெருப் பிள்ளையள் தின்னுது. காய்ச்சல் ஏன் விருந்துக்குப் போன பிள்ளையளுக்கு மட்டும்?”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டனாங்கள்.”

“கேக் போறணையில வெந்தது. பற்றிஸ் பொரிச்சது. நெருப்புக் காணாதது உம்மட சலட்தான். உமக்கு எப்பவாவது இந்தக் காய்ச்சல் வந்ததோ?”

“ஒன்பது வருசத்துக்கு முந்தி. இப்ப கல்லுப்போல இருக்கிறன்.”

“கல்லுப்போல இருக்கிற ஆக்களைத்தான் நான் தேடித் திரியிறன். காய்ச்சல் போனாலும் சிலபேருக்குள்ள கிருமி போறேல்லை. பித்தப்பைக்குள்ள குந்தியிருக்கும். உமக்கு ஒண்டும் செய்யாது. கக்கூசால வந்து கையைச் சரியாய்க் கழுவாட்டி, கையோட சாப்பாட்டுக்குப் போகும்.”

“நான் கழுவுறனான்!”

“சவுக்காரம் போட்டோ?”

நான் கூரையைப் பார்த்தேன்.

ஒரு போத்தலைத் தந்து, எதைப் போட்டுத் தரவேண்டும் என்றும் சொன்னார். மூன்று தரம் கொடுத்தேன். மூன்று தரமும் கிருமி இருந்தது. மனு எழுதி என்னையே பிடித்துக் கொடுத்த மனிதன் நான்.

“உம்மட பேரை நான் வெளியில சொல்லமாட்டன்,” என்றார் முத்துலிங்கம். “மருந்தை எடும். மற்றவைக்குச் சாப்பாடு செய்யாதையும். மஜீட்டுக்கு வண்டியைத் திரும்ப விடுறன்.”

ஞாயிறு பூசை முடிந்த நேரம் மஜீட்டின் மணி கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை. மருந்தில் பிழைத்து, காய்ச்சலில் முடி கொட்டி வந்திருந்த பிறிஜெற் மட்டும் யன்னலால் எட்டிப் பார்த்தாள். டோரின் அவளை உள்ளே இழுத்தாள். மஜீட் திரும்பவும் மணியை அடித்தார். வெறும் தெருவுக்கு அடித்தார்.

என் பெயர் பத்திரமாக இருந்தது. எனக்கு இருந்ததே அந்த ஒரு பெயர்தான். தெருவில் இறங்கினேன்.

“டோரின், ஐஸ்பழத்தால வரேல்லை. என்ர கையால வந்தது. சலட்டால.”

கதவுகள் திறந்தன. டோரின் என் கைகளைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் தோளில் இருந்த கையை எடுத்தாள். பிறிஜெற் வண்டியை நோக்கி ஓடினாள்.

அவளுக்கு நானே எடுத்துக் கொடுக்கலாமென்று, பழக்கதோஷத்தில், ஐஸ்பெட்டிக்குள் கையை விடப் போனேன். மஜீட் மூடியைப் படாரென்று சாத்தினார்.

“கைய எடுங்க ஐயா! இப்பதான் வண்டி திரும்பி வந்திருக்கு.”

பிறகு, தானே ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.