நகமளவு கண்ணாடி

ஒரு நாத்தனார் தன் அண்ணியைப் புகழ்ந்தால் ஊர் சந்தேகப்படும். அவளிடம் இவளுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் அவள் செத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொள்ளும். எங்கள் அண்ணி குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கிறாள். எனக்கும் அவளிடம் ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்கிறேன், அப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

எங்களுடையது சின்ன பேக்கரி. பின்கட்டில் மாவு பிசையும் மெஷினோடு அண்ணி, நடுவில் அடுப்போடு அண்ணன், முன்னால் கல்லாவில் நான். அண்ணன் வாயில்லாப் பூச்சி. அவனுக்கு வைக்க வேண்டிய வாயையும் சேர்த்து எனக்கே வைத்துவிட்டார்கள். பின்கட்டில் அண்ணிக்கு ஒரே சட்டம்தான்: கண்ணாடிச் சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது. பல்புக்குக்கூட வலை போட்டிருப்பாள். நான் உள்ளே ஒரு எட்டு வைக்க வேண்டுமென்றாலும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். முணுமுணுத்துக்கொண்டே கழற்றுவேன்.

அந்தச் சட்டத்தை ஒருநாள் அவளே மீறினாள். எண்ணெய் அளக்கும் எவர்சில்வர் குவளை அடியில் விரிசல்விட்டு ஒழுக ஆரம்பித்துவிட்டது. மெஷினில் மாவு சுற்றிக்கொண்டிருக்கிறது, வேறு குவளை தேட நேரமில்லை. மாடிக்கு ஓடிப்போய் வீட்டுச் சமையலறையில் இருந்த கண்ணாடி ஜாடியை எடுத்துவந்து அளந்து ஊற்றினாள். பிரெட் வெந்தது, ஆறியது, போகவேண்டிய இடங்களுக்கெல்லாம் போயிற்று. பெரிய மூட்டை ஆஸ்பத்திரிக்கு. நாயாய்ப் பேயாய் அலைந்து அந்த மாதம்தான் அந்த ஆர்டரை வாங்கியிருந்தோம். அதை நம்பித்தான் புது அடுப்புக்கே சொல்லியிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லாப் பக்கம் வந்தாள். கழுவும்போதுதான் பார்த்திருக்கிறாள். வாய் விளிம்பில் ஒரு சில்லு இல்லை. சுண்டுவிரல் நகமளவு இருக்கும். மூன்று பேருமாகக் கழுவுதொட்டி, தரை, சாக்கடை வலை, மெஷின் தொட்டி எல்லாவற்றையும் துழாவினோம். எங்கேயும் இல்லை.

எனக்கு உடனே வக்கீல் புத்தி வந்துவிட்டது. இந்த ஜாடி எப்போது உடைந்ததோ யாருக்குத் தெரியும், போன வருஷமே உடைந்திருக்கலாம், நம் வீட்டில் பாத்திரம் கழுவுகிற லட்சணம்தான் தெரியுமே என்றேன். அண்ணி மறுக்கவில்லை. "இருக்கலாம்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தாள்.

யாருக்கு என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு என்றாள். ஃபோன் மேல் கையை வைத்து மறித்தேன். எதற்கும் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லலாமே, மாவில் பூச்சி இருந்தது, பிரெட் சரியாக வேகவில்லை, இப்படி ஏதாவது. திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், ஆர்டரும் தப்பும் என்றேன்.

"பூச்சின்னு சொன்னா நாலு பேரு தட்டி எடுத்துட்டுத் தின்னுடுவாங்க" என்றாள் அண்ணி. "அங்க இருக்கறவங்க பாதிப்பேரு மெல்ல முடியாம பால்ல ஊறவெச்சு முழுங்கறவங்க. கண்ணாடின்னு சொன்னாத்தான் கையை எடுப்பாங்க. நீ கையை எடு."

எடுத்தேன். ஆஸ்பத்திரிச் சமையலறை அதிகாரி கேட்ட கேள்வி எதிர்முனையிலிருந்து எனக்கே கேட்டது. கண்ணாடி எப்படி வந்தது என்று கேட்டார். நான்தான் கொண்டுவந்தேன் என்றாள். அண்ணன் பெயரைக்கூட இழுக்கவில்லை. அவர் பேசியதை இங்கே எழுதினால் காகிதம் கூசும். பிரெட் இன்னும் வார்டுக்குப் போகவில்லை, மூட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், நாளையிலிருந்து வரவும் வேண்டாம் என்று முடித்தார். அண்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஆஸ்பத்திரி சரி, தெருவில் விற்றது? முகம் தெரிந்தவர்கள் பாதி, தெரியாதவர்கள் பாதி. அண்ணி தெருமுனைக்குப் போனாள். அங்கே காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டிருந்தார். அதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள். எந்தப் பொத்தானை அமுக்கினாளோ, "தக்காளி, வெங்காயம், கத்திரிக்கா" என்று அவர் குரலே திரும்பத் திரும்ப ஓடியது. அவ்வளவு நெருக்கடியிலும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. பிறகு அண்ணியின் குரல் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னிக்குக் காலையில எங்க பேக்கரியில வாங்குன பிரெட்டை யாரும் சாப்பிடாதீங்க. உள்ள கண்ணாடித்துண்டு விழுந்திருக்கலாம். தப்பு என்னுது. திருப்பிக் கொண்டாந்து குடுங்க."

தெருத்தெருவாகப் போய் இதையே சொன்னாள். தொண்டை கட்டிக்கொண்ட பிறகும் விடவில்லை. மாடியிலிருந்து ஒருவர் பிரெட்டை அவள் காலடியில் விட்டெறிந்தார். அதையும் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். கூடவே போன எனக்கு ரத்தம் கொதித்தது. எறிந்தவரை நாலு கேள்வி கேட்கப் போனேன், அண்ணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

கடைக்குத் திரும்பியபோது வாசலில் தையல்கடைக்காரி நின்றாள், இடுப்பில் மூன்று வயதுப் பையனோடு. பையன் பாலில் தோய்த்து இரண்டு துண்டு தின்றுவிட்டான். டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, வலி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்றாராம். அவள் அண்ணியை ஏசிய ஏச்சுக்கு அளவில்லை. அண்ணி பையை இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பையன் மட்டும் கல்லா மேலிருந்த பொம்மையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஏசி முடித்தவள், வந்து குவிந்திருந்த பிரெட்டைப் பார்த்தாள். பையனைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். "அந்தச் சில்லு வேற எதுலயாவது கெடைச்சாத்தான் எம்புள்ள வயித்துல இல்லைன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒரு பிரெட்டை எடுத்துப் பிய்க்க ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அண்ணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் போகாமல் நின்றார்கள், நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். காய்கறி வண்டிக்காரர் தார்ப்பாயை விரித்துக் கொடுத்தார். எதிர்க்கடைக்காரர், அவரும் பேக்கரிதான், எங்களுக்கு ஜென்ம விரோதி, தன் கடையை அடைத்துவிட்டு மாவுச் சல்லடைகளோடு வந்தார். கண்ணால் பார்த்தால் போதாது, உதிர்த்துச் சலிக்க வேண்டும் என்று எங்களுக்கே பாடம் நடத்தினார். அதற்கு முன்னாலேயே தன் பிரெட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நோயாளிகள் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். அப்புறம் அந்த ஆர்டர் அவருக்கே போய்விட்டது. புண்ணியமும் அவருக்கு, ஆர்டரும் அவருக்கு. நான் வயிற்றெரிச்சல் பிடித்தவள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தெருவே உட்கார்ந்து பிரெட்டை உதிர்த்தது. சல்லடை ஆடும் சத்தம்தான். தெருவில் விற்றதெல்லாம் முடிந்தது, ஒன்றுமில்லை. ஒவ்வொரு பிரெட்டு முடியும்போதும் தையல்கடைக்காரி திரும்பிப் பையனைப் பார்ப்பாள், அண்ணியும் பார்ப்பாள். நான் கல்லா நோட்டைப் பார்த்து, திரும்பி வராமல் போன பிரெட்டுகளை எண்ணினேன். அண்ணன் கொண்டுவந்த ஆஸ்பத்திரி மூட்டையை அவிழ்த்தோம்.

அதில் பாதி உதிர்த்திருப்போம். நான் ஒரு பிரெட்டைப் பிய்த்து உள்ளே விரலை விட்டேன். சுருக்கென்றது. இழுத்துப் பார்த்தால் ரத்தம், ரத்தத்தோடு சில்லு.

அப்படியே அண்ணியிடம் நீட்டினேன். அண்ணி அதை வாங்கித் துடைத்து ஜாடியின் விளிம்பில் வைத்தாள். எதிர்க்கடைக்காரர் ஜாடியைப் பிடித்துக்கொண்டார். சில்லு விளிம்போடு விளிம்பாக உட்கார்ந்தது, ஒரு பொடிகூடக் குறையவில்லை. தையல்கடைக்காரி பையனைத் தூக்கி அவன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவனுக்குக் கிச்சுகிச்சு மூட்டியது போலிருக்கிறது, கெக்கெக்கென்று சிரித்தான். அண்ணி அங்கேயே தார்ப்பாயில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒரு நோயாளி அதை விழுங்கியிருப்பார் என்று நினைத்தபோது நானும் நகர்ந்து அவளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் அண்ணி எப்போதும் போல மாவு பிசைந்தாள், பாதி அளவு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜையைக் கொண்டுவந்து போட்டு வெள்ளைத்துணி விரித்தாள். யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் வாங்குமுன் இங்கேயே பிய்த்துப் பார்க்கட்டும், பிய்த்ததற்குக் காசு வாங்காதே என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று அவ்வளவு செய்தபிறகும் நம்மை நம்பாதவர்கள் நமக்கு எதற்கு என்று கேட்டேன்.

"பயந்தவங்க பாக்கட்டும்டி. நானா இருந்தாலும் பாப்பேன்" என்றாள்.

வெகுநேரம் யாரும் வரவில்லை. பிறகு தையல்கடைக்காரி வந்தாள், பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. ஒரு பிரெட்டைக் கேட்டு வாங்கி மேஜையில் வைத்துப் பிய்த்தாள். ஒவ்வொரு துண்டாக விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். அண்ணி பின்கட்டிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். மாவுக்கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசித் துண்டையும் அமுக்கிப் பார்த்துவிட்டு அதைப் பையனின் வாயில் வைத்தாள் அவள். அவன் மென்றான். அண்ணியின் பிடி இறுகியது. வெட்டுப்பட்ட விரல் விண்ணென்று வலித்தது. நான் சொல்லவில்லை.