பொதுவில் ஒரு நூறு எம்பி

நிலமும் வீடும் போதாதுன்னு கடைசியில பாகப்பிரிவினை என் கம்ப்யூட்டர்ல வந்து நின்னுச்சு. என் கம்ப்யூட்டர்னு நான்தான் சொல்லுதேன். வாங்கிப் போட்டது மாமனார், அதனால அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் அதுல உரிமையாம்.

கோவில்பட்டியில எங்களுக்கு ஒரு கடை. முன்பக்கம் எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன், மூத்தார் ஜெயபாண்டி, உளுந்து, பாசிப்பயறு கமிஷனுக்கு வாங்கி விப்பாவ, பில்லெல்லாம் விண்டோஸ்ல. பின்பக்கம் எங்க வீட்டுக்காரர் சங்கரபாண்டி பேர்ல தீப்பெட்டி லேபிள் வேலை. பேருதான் அவிய பேரு. சேவல், ஈச்சமரம், மாட்டுவண்டின்னு அத்தனையும் வரைஞ்சது நான். இத்தனை வருச லேபிளும் அந்தப் பொட்டியில டி டிரைவ்ல கிடக்கு. திங்கட்கிழமை ராஜமணி அண்ணாச்சி பிரஸ்ஸுக்குப் போக வேண்டிய புது லேபிளும் அதுலதான்.

பங்கு பிரிஞ்சதுல இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. புதுசா இன்னொண்ணு வாங்கவும் மனசு வரல. "இதுலயே பாதியில லினக்ஸ் போட்டுக்கிடுதேன், அதுவும் விண்டோஸ் மாதிரிதான், ஆனா ஓசி"ன்னு இவிய சொல்லி விட, "பாதின்னா சரிபாதி"ன்னு மூத்தார் பதில் சொல்லி விட்டாவ. லேபிளை மட்டும் முதல்ல காப்பி எடுத்துக்கிடுதேன்னு கெஞ்சினேன். "பிரிக்கதுக்கு முந்தி ஒரு பொருளும் வெளிய போகக் கூடாது"ன்னுட்டாவ மூத்தார். நல்லா இருக்குல்லா நியாயம்!

ஞாயித்துக்கிழமை மத்தியானம் இவிய பென்டிரைவைச் சொருகி லினக்ஸ் இன்ஸ்டாலரைத் திறந்தாவ. ஹார்ட் டிஸ்க் நீளப் பட்டையா திரையில வந்துச்சு. டி டிரைவைச் சுருக்கி இடம் எடுத்தது வரைக்கும் ஒழுங்காத்தான் நடந்துச்சு. அப்பதான் பட்டையோட தலைமாட்டுல ஒட்டிக்கிட்டு இருந்த துண்டு மூத்தார் கண்ணுல பட்டுச்சு. நூறு எம்பி.

"இது யார் பங்கு?"

"யார் பங்கும் இல்ல அத்தான்"னு மூத்தாருக்கு நான் சொன்னேன். "பொட்டி முழிக்கும்போது முதல்ல அங்கன போய்த்தான் வழி கேக்கும். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொது. தொட்டுராதீங்க."

வாய்ல சனி உக்காந்திருக்கு எனக்கு! மாமனாரும் அவுக தம்பியும் புதூர்ல ஒரு பொது வண்டிப்பாதைக்காகச் சாகுற வரைக்கும் கோர்ட்டுக்கு அலைஞ்ச குடும்பம் இது. ஆட்டுரலைக் கூட பொதுவுல விட்டு வைக்காதவிய.

"பொதுன்னு விட்டா பின்னால வம்பு"ன்னு மூத்தார் சொல்லுதாவ. "ஆமாண்ணே, அழிச்சிருவோம்"னு இவிய சொல்லுதாவ. பேசாம இருந்த ரெண்டு பேரும் இதுலயா ஒண்ணு சேரணும்? வேண்டாம் வேண்டாம்னு கத்துனேன். "பங்கு விசயத்துல நீ வராத சுதாராணி"ன்னு இவிய அதட்டுனாவ. இன்ஸ்டாலரும் எச்சரிச்சுச்சு. அதையும் மதிக்காம அமுக்கிட்டாவ.

லினக்ஸ் ஏறி முடிஞ்சதும் பொட்டியை அணைச்சுப் போட்டா வெறும் கருப்புத் திரை. விண்டோஸும் வரல, லினக்ஸும் வரல.

"எந்திரிங்க ரெண்டு பேரும்"னு சத்தம் போட்டுட்டு நான் உக்காந்தேன். பென்டிரைவ்ல இருந்தே லினக்ஸை ஓட்டி உள்ள போய்ப் பாத்தேன். டி டிரைவ் இருந்துச்சு. திறந்தா சேவல் நிக்கு. எனக்கு அழுகையே வந்துட்டு. அழிச்ச துண்டைத் திரும்பப் போட்டு, ரெண்டையும் எழுப்பி விடதுக்குள்ள பொழுது சாஞ்சிட்டு.

நல்லாருன்னு ஒரு வார்த்தை? மூத்தார் நாற்காலியை இழுத்துப் போட்டாவ.

"சரி, லேபிளெல்லாம் யாருக்கு?"

"லேபிள் என் பேர்ல உள்ளதுண்ணே"ன்னு இவிய.

"கரண்டு பில்லு கட்டினது நான்லா? சேவல் எனக்கு, ஈச்சமரத்தை நீ வச்சுக்கோ."

நான் மௌஸ்ல கை வச்சுக்கிட்டு அங்கனதான் இருக்கேன். "அப்ப நான் யார் பங்குல வாரேன்?"னு கேட்டேன்.

கோவத்துலதான் கேட்டேன். மூத்தார் நெசமாவே யோசிச்சாவ. "கிணத்துத் தண்ணி மாதிரி முறை வச்சுக்கிடுவோம்மா. திங்கள், செவ்வாய், புதன் அவனுக்கு வரைஞ்சு குடு. வியாழன், வெள்ளி, சனி எனக்கு."

எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பாத்தேன். அவிய மனசுக்குள்ள நாளை எண்ணிப் பாத்துட்டு, சரின்னு தலையாட்டுதாவ.

லேபிள் அத்தனையும் காப்பி எடுத்தேன். ஒருத்தரும் தடுக்கல, பிரிச்சுத்தான் முடிஞ்சாச்சே. மறுநாள் புது லேபிளைக் கொண்டு போய் ராஜமணி அண்ணாச்சி கையில குடுத்தேன். குடுத்துட்டு, இங்கனயே உக்காந்து வரைய எனக்கு ஒரு நாற்காலி போடுவீங்களா அண்ணாச்சின்னு கேட்டேன். போட்டுட்டாவ.