பத்தொன்பது மணி நேரம்

தையற்காரிக்கு நாற்பத்தெட்டு வயதில் வயிற்றில் பிள்ளை. வாயுத் தொல்லை என்று நான்கு மாதம் மாத்திரை விழுங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கணவர் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அவளுக்கு வெட்கமெல்லாம் இல்லை. பயம் மட்டும் இருந்தது, மகள் இனி வீட்டுப் படியே ஏறமாட்டாளோ என்று.

மகள் தத்துப் பிள்ளை. அதை மறைக்க அவள் ஒரு பிரசவக் கதை கட்டி வைத்திருந்தாள். அளவு கொடுக்க வந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அதைக் கேட்டே ஆகவேண்டும். பன்னிரண்டு மணி நேர வலியில் தொடங்கிய கதை, வருஷத்துக்கு வருஷம் தையல் பிரித்துப் பெரிதாகி, பத்தொன்பதில் வந்து நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பீரோவில் தத்துப் பத்திரம் மகள் கண்ணில் பட்டது. தத்தெடுத்ததற்காக அவள் கோபப்படவில்லை.

"அந்தப் பத்தொன்பது மணி நேரமுமா பொய்?" என்று கேட்டுவிட்டு வேறு வீடு பார்த்துப் போனாள். அதற்குப் பிறகு போனில் "சாப்பிட்டியா", "ம்". அவ்வளவுதான் பேச்சு.

மருத்துவமனைக்குத் துணையாக அவளை அப்பா கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தார். டாக்டரம்மா படிவத்தை எடுத்தார்.

"முதல் பிரசவம் எப்படி? நார்மலா?"

"நார்மல்தான் டாக்டர். பத்தொன்பது மணி நேரம்..." பழக்கதோஷம். டாக்டரம்மா எழுதியும் விட்டார். மகள் தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"அதை அடிச்சிடுங்க டாக்டர். இதுதான் எனக்கு முதல் பிரசவம். இவளை நான் பெத்ததில்ல."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னாள். உண்மை வேண்டும் என்று சண்டை போட்டவளுக்கு, அது கிடைத்ததும் முகம் சுண்டிப்போனது. எழுந்து வெளியே போய்விட்டாள். எல்லாம் போச்சு என்று தையற்காரி நினைத்துக்கொண்டாள்.

ஆனால் பிரசவத்தன்று மகள் சொல்லாமலே வந்து நின்றாள். ஆபரேஷன்தான், நாற்பது நிமிஷம், ஆண் குழந்தை. மறுநாள் வாடிக்கைக்காரர்கள் பார்க்க வந்தார்கள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாக்கா?"

தையற்காரிக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பாதி நேரம் மயக்கத்தில் கிடந்தவள் என்னத்தைச் சொல்வது?

தம்பியை மடியில் வைத்திருந்த மகள்தான் பதில் சொன்னாள். "இவனுக்கென்ன, நாப்பது நிமிஷத்துல வந்துட்டான். நான்தான் எங்கம்மாவைப் பத்தொன்பது மணி நேரம் படுத்தி எடுத்தேன்."

தையற்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருபதுடி," என்றாள்.