அலீன் வேண்டாமென்ற கடிதம்

உருளைக்கிழங்கு எடுப்புக்காக விட்ட மூன்று வார விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே அலீன் டூசெட் என் அறைக்கு வந்தாள். நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது.

எங்கள் பள்ளியில் கல்லூரி விண்ணப்பங்களைக் கவனிப்பது என் வேலை. அலீனுக்கு ஆசிரியர்கள் இருவரின் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். கணக்கு ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். இன்னொன்றை ஆங்கில ஆசிரியை வோயசின் எழுதுவார் என்று நானாகவே நினைத்திருந்தேன்.

"வோயசின் மேடம் வேண்டாம். பயாலஜி சார்கிட்ட கேட்டுக்கறேன்."

"ஏம்மா? அவங்களுக்கு உன்னை நல்லாத் தெரியுமே."

"என்னை எங்க தெரியும்? ரெமியோட தங்கச்சியத்தான் தெரியும்."

ரெமி அவளைவிட ஒரு வயது மூத்தவன். போன டிசம்பரில் பனிவண்டியில் உறைந்த ஆற்றைக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்து உள்ளே போனவன். இரண்டு நாள் தேடி உடலை எடுத்தார்கள். அதிலிருந்து ஊரில் யாரும் அலீனிடம் சாதாரணக் குரலில் பேசுவதில்லை.

"அவங்க எழுதினா முதல் வரியிலயே அவன் செத்துருவான் மேடம். அப்புறம் நான் எவ்வளவு தைரியசாலின்னு ரெண்டு பக்கம். பாவம்னு எனக்கு இடம் குடுப்பாங்க. அவன வித்து நான் காலேஜ் போகணுமா?"

அந்தக் கடிதம் போனால் நிச்சயம் இடம் கிடைக்கும் என்று அவள் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னவளே நான்தான்.

உயிரியல் ஆசிரியர் தலையைச் சொறிந்தார். "நல்ல பொண்ணுதான். என்னன்னு எழுதறது? தவளையப் பாத்து முகம் சுளிக்காம அறுப்பா."

"அதையே எழுதுங்க," என்றேன்.

வோயசினிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் விடைத்தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

"எழுதியே முடிச்சுட்டேன். எப்படியும் கேப்பான்னு நெனச்சேன்."

"அதுல ரெமி வர்றானா?"

"முதல் வரியில," என்றார். பிறகு, "அவனுக்கு எழுதினது ஒண்ணும் எங்கிட்ட இருக்கு. திங்கக்கிழமை அனுப்பலாம்னு வெச்சிருந்தேன். சனிக்கிழமை அவன்..." என்று நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் அலீனை என் அறைக்கே வரச் சொன்னார். "உனக்கு எழுதினத அழிச்சுட்டேன். இது அவனோடது. உங்க வீட்ல இருக்கட்டும்," என்று ஒரு தாளைக் கொடுத்தார்.

அலீன் நின்றபடியே படித்தாள். வகுப்பில் உரக்க வாசிக்க யாரையாவது கூப்பிட்டால் ரெமிதான் முதலில் எழுவானாம். தப்புத் தப்பாக, நிறுத்தி நிறுத்தி, மணி அடிக்கும்வரை வாசிப்பானாம். அவனுக்கு அடுத்த இருக்கையில் திக்குவாய்ப் பையன் ஒருவன் இருந்தான்; அவன் முறை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் அப்படி என்பது வோயசினுக்குப் பல மாதம் கழித்தே புரிந்ததாம்.

"நாங்க வீட்ல ரெமியக் கிண்டல் பண்ணுவோம்," என்றாள் அலீன். "படிக்கவே வராதவன் எதுக்குடா முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்துக்கறன்னு. ஒரு நாள்கூட சொல்லலியே மேடம்." அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். வோயசின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தார்.

மார்ச்சில் பதில்கள் வந்தன. அவள் ஆசைப்பட்ட கல்லூரி இல்லையென்றது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது.

"வோயசின் மேடம் எழுதியிருந்தா அங்க கிடைச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "கிடைச்சிருக்கலாம்," என்றேன்.

தலையாட்டினாள். "அம்மாவும் அதையேதான் சொல்றாங்க. ரெண்டு நாளா எங்கிட்ட பேசல."

விடுதிக்கான படிவத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.