எதுவும் தடவாத கட்டம்

1

இவர் மூக்கு என் கைமேல் இருக்கும்வரை நான் மூச்சு விடலாமா, கூடாதா? வேலையில் சேர்ந்த அன்றே கேட்டிருக்க வேண்டும். இத்தனை நாள் கழித்துக் கேட்டால் கதவு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மேலே இருப்பது என் கதாநாயகி மனசுக்குள் நினைப்பது. வாய் திறக்கவில்லை. 'கதவு' ஒரு பெண். பெயர்க்காரணம் பிறகு வரும். அதற்கு முன் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூடி வைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது.

தங்கையின் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்க ஒரு சென்ட் கடைக்குப் போயிருந்தேன். கடைப்பெண் கரும்பச்சைப் புட்டி ஒன்றை எடுத்து, முதலில் ஒரு காகிதத் துண்டில் அடித்து நீட்டினாள். கசக்கிய இலை. சரி, இருக்கட்டும். அடுத்து என் மணிக்கட்டில் அடித்தாள். நான் குனிந்ததும் தடுத்தாள். "உடனே மோந்து பாக்காதீங்க மேடம். கொஞ்சம் உங்க கூடப் பழகட்டும்." புது மருமகளைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது.

பழகியது. வீடு திரும்பும் பேருந்தில் கம்பியைப் பிடித்திருந்த கை முகத்தருகே வந்தபோது அந்த இலையைக் காணோம். ஈரம் காயாத மரம் இருந்தது. அப்போதுதான் பிடுங்கிய வேர் இருந்தது. நாக்கில் படாமலே கசந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று. அது புட்டியிலிருந்து வந்ததா, என்னிலிருந்து வந்ததா என்று தெரியவில்லை. வீட்டில் கணவர் மோந்து பார்த்துவிட்டு, "தைலமா? எங்க வலி?" என்றார்.

வலி எங்கும் இல்லை. அடியில் இருந்த அந்த இன்னொன்றை எழுதிவிட வேண்டும் என்ற அரிப்பு மட்டும் இருந்தது.

2

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

மழைக்குப் பிறகான காட்டின் வாசனை அவள் மணிக்கட்டில்—

(மழைக்குப் பிறகு நான் காட்டில் நின்றதே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றிருக்கிறேன். அங்கே வருவது டீசல்.)

பச்சை நிறத்துக்கு ஒரு வாசனை இருக்குமானால் அது—

(இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பிளாஸ்டிக் வாளிகூடப் பச்சைதான்.)

அவள் ஒரு மர்மமான பெண்.

(இதை எழுதியவள் யார் என்று எனக்குத் தெரியாது.)

இதற்குள் பரிசு தங்கையின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதே புட்டி, அதே துளி. அவள் கையில் அது வெறும் துணிசோப்பு வாசனை அடித்தது. அவளுக்கு வருத்தம், எனக்கு வெளிச்சம். ஆள் இல்லாமல் வாசனையை மட்டும் எழுதப் பார்த்திருக்கிறேன். யாருடைய தோல் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதனால், தோலையே வேலையாக வைத்திருக்கிற ஒருத்தியை உண்டாக்கினேன்.

3

சென்ட் தயாரிக்கும் நிறுவனம். மூன்றாவது மாடியில் ஒரு வெள்ளை அறை. பூ கிடையாது, டீ கிடையாது, புது பெயின்ட் கிடையாது. சுவரோரம் நாற்காலிகள். அவற்றில் உட்காருகிறவர்களுக்கு ஒரே வேலை, கையை நீட்டுவது. வந்ததும் வாசனையில்லாத சோப்பால் முழங்கைவரை கழுவ வேண்டும். முன்கையின் உள்பக்கம் பேனாவால் நான்கு கட்டங்கள் வரைவார்கள். மூன்றில் பரிசோதனைச் சென்ட் ஒவ்வொன்றாகத் தொட்டு வைப்பார்கள். ஒரு கட்டத்தில் எதுவும் தடவ மாட்டார்கள். வெறும் தோல் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது. அந்த வெற்றுக் கட்டம் எந்த இடத்தில் என்பது மோந்து பார்க்கிறவருக்குத் தெரியாது, தடவுகிறவர்களுக்கும் கையை நீட்டுகிறவர்களுக்கும் தெரியும்.

நாற்காலிகளை வைத்துத்தான் பெயர்கள். கதவோரம் இருப்பவள் கதவு. தூணுக்குப் பக்கத்தில் எப்போதும் தூங்கி வழிகிற அண்ணன் தூண். ஜன்னலோரம் என் கதாநாயகி: ஜன்னலக்கா. மோந்து பார்க்கும் தலைமை நிபுணரை நேரில் சார் என்பார்கள், அவர் அந்தப் பக்கம் போனதும் மூக்கு என்பார்கள். அவருக்கும் இது தெரியும். கொஞ்சம் பெருமைகூட.

மூக்குக்கு ஒரு வெறி. இருட்டான, பச்சையான, மரமும் மூலிகையும் கலந்த ஒரு சென்ட் செய்துவிட வேண்டும். காகிதத்தில் செய்துவிட்டார். அற்புதமாக இருந்தது. தோலில் வைத்தால் மருந்துக்கடை. மேலிடத்தில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். காகிதத்துக்கா சென்ட் விற்க முடியும் என்று அவரே புலம்புவார்.

4

அன்றைக்கும் அதே சென்ட்தான், மூன்று விதமாகக் கலந்தது. மூக்கு கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக வந்தார். கதவின் கையில், "இருமல் மருந்து." தூணண்ணன் கையில், "புது பீரோ." அண்ணன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஜன்னலக்காவின் முதல் கட்டத்தில் இலை சீக்கிரமே புளித்துப் போயிருந்தது. இரண்டாவதில் மரம் நன்றாக ஆரம்பித்து, சீவிய பென்சிலாக முடிந்தது. மூன்றாவதுக்கு உதட்டைப் பிதுக்கினார். நான்காவதுக்குப் போனார். அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

(முதல் வரியில் நீங்கள் படித்த மூச்சுப் பிரச்சினை இங்கேதான் வருகிறது.)

இப்போது நான் அந்த வாசனையை எழுதியாக வேண்டும். தள்ளிப்போட இனி இடமில்லை. முதலில் ஒரு குளிர்ச்சி, ஒடித்த தண்டின் உள்ளே இருப்பது. பிறகு ஒரு கசப்பு. அது இலையின் கசப்பாக இல்லாமல், இலையைக் கிள்ளிக்கொண்டே வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்த விரல்களின் கசப்பாக இருந்தது. அதன் பிறகு மரம். மேஜை நாற்காலி ஆகிவிட்ட மரமல்ல. இன்னும் தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பது, பட்டையில் லேசாகப் பிசின் கசிவது. எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் வெதுவெதுப்பு, அவசரப்படாமல் உட்கார்ந்திருந்த ஒரு உடம்பினுடைய—

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இப்படியே இருக்கட்டும்.)

மூக்கு கண்ணைத் திறந்தார். இதுதான், இத்தனை நாள் தேடியது இதுதான், நாலாவது கட்டத்துக் கலவையை அப்படியே மேலே அனுப்புங்கள் என்றார். குரல் உடைந்திருந்தது. கதவு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், நாலாவதுல ஒண்ணும் தடவல சார்" என்றாள்.

5

அவர் திரும்ப மோந்தார். ஜன்னலக்காவை மறுபடி கை கழுவச் சொல்லித் திரும்ப மோந்தார். மங்கலாக, ஆனால் இருந்தது. அப்புறம் விசாரணை. என்ன சோப்பு, என்ன எண்ணெய், ஏதாவது மாத்திரை உண்டா. எல்லாரும் போடுகிற சோப்பு, எல்லாரும் தேய்க்கிற எண்ணெய், மாத்திரை கிடையாது. "வீட்லேர்ந்து நேரா இங்கதான வர்றீங்க?"

அவள் பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்கினாள்.

அந்தத் தயக்கத்தை நான் திட்டமிடவில்லை. 'ஆமாம் சார்' என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன். தயங்கிவிட்டாள். ஏன் என்று அவளைக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

வீட்டில் எல்லாரும் அவளுக்கு வேலை ஒன்பது மணிக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை ஆரம்பிப்பது பத்து மணிக்கு. அவள் பொய் சொல்லவில்லை. சேர்ந்த அன்று நேரத்தைத் தவறாக நினைத்து ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டாள். கட்டடம் பூட்டியிருந்தது. திரும்பி வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தாள். வீடு என்றால், குளியலறையில் இருந்தால்கூடக் கதவைத் தட்டி உப்பு டப்பா எங்கே என்று கேட்கிற வீடு. கணவர், மாமனார், இரண்டு பிள்ளைகள். எல்லாரும் நல்லவர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதனால்தான் குறை சொல்லவும் முடியாது. அன்று அவள் வீட்டுக்குப் போகாமல் வேறொரு இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் போனாள். வீட்டில் நேரத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இதுவரை எழுதியதைத் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். என் கதைகளை முதலில் படிக்கிறவள் அவள்தான். "காதலன் ஒருத்தன வெச்சுடுக்கா, முடிஞ்சுபோச்சு. மரக்கடைக்காரன். வாசனைக்கும் கணக்கு சரியாயிடும்" என்றாள். அவள் மனம் கோணக்கூடாது என்று மரக்கடைக்காரரை எழுதினேன். சட்டையில் மரத்தூள், நல்ல மீசை. ஜன்னலக்கா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவரும் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பார்? கடையைச் சாத்திக்கொண்டு கதையை விட்டுப் போய்விட்டார்.

6

(இந்த இடத்தில், அவள் தினமும் போய் உட்காருகிற இடம் எது என்று எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. எதில் சாய்ந்துகொள்கிறாள், கையில் எது உரசுகிறது, விரல்கள் எதைக் கிள்ளுகின்றன, எல்லாம் இருந்தது. திரும்பப் படித்தேன். ஒருத்தி மட்டும் உட்காரக்கூடிய இடம். அதில் நான், தங்கை, நீங்கள் என்று கூட்டம் சேர்ந்து, அவளுக்குக் கால் நீட்ட இடமில்லாமல் போயிருந்தது. எடுத்துவிட்டேன்.)

7

மறுநாள் மூக்கு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை; நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். நேற்றுத் தயங்கினீர்களே, எங்கேயோ போய்விட்டு வருகிறீர்கள், அது எங்கே என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். அவர் ஒருமுறை அங்கே வந்து மோந்து பார்த்தால் போதும், மிச்சத்தைப் புட்டிக்குள் கொண்டுவந்துவிடுவார். அப்படியானால் தினக்கூலியாக இருக்கிற அவளுக்கு நிரந்தர வேலை. மேலிடத்தில் பேசியாகிவிட்டது. சொல்ல விருப்பமில்லை என்றால் அந்த இடத்துக்குப் போவதையாவது நிறுத்த வேண்டும். ஏனென்றால், வெறும் தோலே வாசனை அடிக்கிற கையை வைத்துக்கொண்டு எந்தச் சென்டைப் பரிசோதிப்பது? அதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். "உங்க நாலாவது கட்டம் காலியா இருக்கணும்மா."

அவளுக்கு நிரந்தர வேலை வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், அவள் துறவி இல்லை. நிரந்தரமானால் நன்றாக இருக்கும் என்று கணவர் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளும் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள்.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவள் சொல்லிவிடுகிறாள். சென்ட் வெளிவந்து சக்கைப்போடு போடுகிறது. அட்டைப்பெட்டிமேல் அந்த இடத்தின் படம். விடுமுறை நாளில் ஜனம் அங்கே போய்ப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறது. கணவர் ஆசையாக ஒரு புட்டி வாங்கி வந்து, உனக்கென்றே செய்ததுபோல இருக்கிறது என்கிறார். அவள் தடவிப் பார்க்கிறாள். இருமல் மருந்து. (தங்கைக்கு இது பிடித்திருக்கிறது.)

அவள் போவதை நிறுத்திவிடுகிறாள். வீட்டில் நேரத்தைத் திருத்திச் சொல்கிறாள். அந்த ஒரு மணி நேரத்தில் உப்பு டப்பாவை எடுத்துக் கொடுக்கிறாள். கொஞ்ச நாளில் நான்காவது கட்டம் காலியாகிறது. மூக்கு அதில் குனிந்து, நல்ல சுத்தமான கை என்று பாராட்டுகிறார். (இதை எழுதியபின் நான் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்றேன்.)

அவள் வேறு ஏதோ இடத்தைச் சொல்லிவிடுகிறாள். மூக்கு அங்கே போய் வேலி, கம்பம், ஒரு நாய் என்று எல்லாவற்றையும் மோந்துகொண்டு அலைகிறார். (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் அவளுக்குப் பொய் வராது. நேரத்தைத் திருத்தாமல் இருப்பது வேறு, பொய் வேறு என்று அவள் என்னிடம் கறாராகச் சொல்லியிருக்கிறாள்.)

மூன்றையும் அவள் முன் வைத்தேன். புடவைக் கடையில் விரித்துக் காட்டியதைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, மூக்கின் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்லல சார்."

"போறதையாவது நிறுத்திடுவீங்களா?"

"இல்ல சார்."

அவர் கோபப்படவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக ஒருமுறை மோந்து பார்க்கலாமா என்று கேட்க நினைத்தார் என்பது எனக்குத் தெரியும்; நான்தானே எழுதுகிறேன். கேட்கவில்லை. அப்படியென்றால் உங்கள் நாற்காலியைப் பற்றி நான் யோசிக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். யோசியுங்கள் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அவர் என்ன முடிவெடுத்தார் என்பதை உங்களிடமே விடுகிறேன். ஜன்னலோர நாற்காலியில் நாளைக்கு யாரை உட்கார வைப்பது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கதவும் தூணண்ணனும் அவளுக்காகப் பேசுவார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை, அண்ணன் விழித்திருந்தால்.

நான் படியில் அவள் பின்னால் ஓடினேன். வேலை போய்விட்டால் அந்த ஒரு மணி நேரமும் போய்விடுமே, யோசித்தாயா என்று கேட்டேன். யோசித்துவிட்டாளாம். வேறு வேலை தேடிக்கொள்வாளாம், பத்து மணிக்கு ஆரம்பிக்கிறதாகப் பார்த்து.

இவ்வளவு தெளிவாக இருக்கிறவளிடம் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன். எழுதுகிறவளின் புத்தி வேறெப்படி இருக்கும்? "ஆறாம் பகுதிய மட்டும் திரும்பப் போட்டுக்கட்டுமா? படிக்கிறவங்க வெளிய சொல்ல மாட்டாங்கம்மா."

அவள் மடித்து வைத்திருந்த சட்டைக் கையை இறக்கி, மணிக்கட்டில் பொத்தான் போட்டாள்.

"வேண்டாங்க்கா. நாளைக்கும் நான் அங்க போகணும்ல."