எல்லப்பனைத் தெரியுமா?

சாயப்பட்டறை மேஸ்திரி அருணகிரிக்கு நிறங்களின் பெயர் அத்தனையும் அத்துப்படி. மாந்துளிர், வெங்காயத்தோல், மயில்கழுத்து என்று எந்தப் பட்டு நூலைக் காட்டினாலும் சட்டென்று சொல்லிவிடுவார். ஆரணியில் அதற்காக அவருக்குத் தனி மரியாதை. ஆட்களின் பெயர்தான் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஒருவன் கடைசியாக எந்த ஊரிலிருந்து வேலைக்கு வந்தானோ, அந்த ஊர்தான் அவனுக்குப் பெயர். சாயம் கொதிக்கும் கொப்பரையில் நூல் புரட்டியவன் களம்பூர். தொட்டியில் நூலை அலசியவன் சேத்துப்பட்டு. ஆட்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

1978ஆம் வருஷம், ஓர் அமாவாசைக்கு முதல் நாள் காலையில் களம்பூர் கொப்பரையருகே சுருண்டு விழுந்தான். வாய் கோணிப் பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். ஆறு வருஷமாக வேலை வாங்கிய அருணகிரி விழித்தார். கூட வேலை செய்த சேத்துப்பட்டும் விழித்தான். பெயர் தெரியாதவர் என்று எழுதிக்கொண்டார்கள். உடனே களம்பூருக்கு ஆள் அனுப்பினார் அருணகிரி. அங்கே தெருத்தெருவாக விசாரித்தும் அவன் வீட்டைக் காட்ட ஒருவரும் இல்லை.

அமாவாசையன்று பட்டறைக்கு விடுமுறை. மறுநாள் பாஞ்சாலை என்கிற பெண் வாசலில் வந்து நின்றாள். அமாவாசைதோறும் வீட்டுக்கு வருகிற புருஷன் இந்த முறை வரவில்லை. ஆரணியில் சாய வேலை என்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது.

"வெம்பாக்கத்துக்காரருங்க. எல்லப்பன்னு பேரு."

அருணகிரி இரண்டு சிவப்பு நூல்களை வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அப்பிடி யாரும் இங்க இல்லம்மா" என்றார்.

அவள் மற்ற பட்டறைகளைத் தேடிப் போனாள். அன்று சாயங்காலமே களம்பூர் செத்துப்போனான். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். இரண்டு நாள் பார்த்தார்கள். உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. புதைத்துவிட்டார்கள்.

அதற்கு மறுநாள் பாஞ்சாலை திரும்பி வந்தாள். தேடித் தேடிக் கால் வீங்கியிருந்தது. இந்த முறை ஒன்று கூடுதலாகச் சொன்னாள். அவள் புருஷன் இங்கே வருவதற்கு முன்னால் களம்பூர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவன்.

அருணகிரிக்கு அப்போதுதான் ஆள் யாரென்று புரிந்தது. அவளைச் சுடுகாட்டுக்கு அழைத்துப் போய், புது மண்ணைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். அவள் அழுது ஓய்ந்தபின் ஒன்றுதான் கேட்டாள்.

"ஆறு வருஷத்துல ஒருநாள் பேரு கேட்டிருந்தா, நான் வந்து ஒரு வாய் தண்ணி ஊத்தியிருப்பேனே. ஏங்க கேக்கல?"

ஒரு மனுஷனின் பெயரைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்!

மறுநாள் அருணகிரி தொட்டியருகே போய் நின்று, சேத்துப்பட்டிடம் அவன் பெயரைக் கேட்டார். அவன் அலசுவதை நிறுத்தவில்லை.

"இப்ப எதுக்கு மேஸ்திரி, ஆஸ்பத்திரில எழுதறதுக்கா? நானுந்தான் எல்லப்பன் பேர ஒருநாளும் கேக்கல. பேரு, செத்தப்புறம் தெரிஞ்சுக்கறதுக்கு இல்ல. உசுரோட இருக்கசொல்ல கூப்புடறதுக்கு."